ஸ்டூகாவின் ஊளை: எஞ்சினா, சைரனா, பலன் இருந்ததா?

கேள்வி இதுதான்: இரண்டாம் உலகப்போர் படங்களில் ஜெர்மன் விமானம் தலைகுப்புறப் பாயும்போது ஓர் ஊளை கேட்கிறதே, அது எஞ்சின் சத்தமா, வேண்டுமென்றே வைத்ததா? வேண்டுமென்றே வைத்தது என்றால், அதனால் போரில் உண்மையிலேயே ஏதாவது நடந்ததா?

வேண்டுமென்றே வைத்ததுதான். பலனும் இருந்தது. ஆனால் கொஞ்ச காலத்துக்கு, அதுவும் எதிரியின் சண்டை விமானங்கள் வானத்தில் இல்லாத இடங்களில் மட்டும். இந்த "மட்டும்" என்கிற பகுதியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் விமானம். யுங்கர்ஸ் யூ-87, பரவலாக ஸ்டூகா. இரண்டு பேர் பயணம்: முன்னால் விமானி, பின்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்து இயந்திரத் துப்பாக்கி பிடிப்பவர். இறக்கைகள் உடம்பிலிருந்து கீழே இறங்கிப் பிறகு மேலே வளையும், சக்கரங்கள் உள்ளே மடங்காது. 1930களின் கடைசியிலேயே இது பழைய பாணி. போரின் தொடக்கத்தில் பறந்த பி வரிசை விமானத்தின் உச்ச வேகம் மணிக்கு 380 கிலோமீட்டர் சொச்சம், அவ்வளவுதான். அதே காலத்து பிரிட்டிஷ் சண்டை விமானம் ஸ்பிட்ஃபயர் 550ஐத் தாண்டிப் போகும். இந்த வேக வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இவ்வளவு மெதுவான விமானத்தை ஏன் வைத்திருந்தார்கள் என்றால், குறி. அந்தக் காலத்தில் சமதளமாகப் பறந்துகொண்டே குண்டு போட்டால் அது எங்கே விழும் என்பது பெரும்பாலும் அதிர்ஷ்டம். ஒரு பாலத்தை அடிக்க நினைத்து அடுத்த ஊர் வயலை உழுதுவிட்டு வருவது சாதாரணம். விமானத்தையே இலக்கை நோக்கித் திருப்பி, செங்குத்தாக இறங்கி, கிட்டப் போய் குண்டை விட்டால் விமானம் போன திசையிலேயே குண்டும் போகும். நல்ல பயிற்சி உள்ள விமானி இலக்கிலிருந்து முப்பது மீட்டருக்குள் போட்டுவிடுவார் என்பார்கள். 1939ல் அது பெரிய விஷயம்.

பாய்ச்சல் எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் சத்தத்தின் கதையே அதற்குள்தான் இருக்கிறது. விமானி சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் வருவார். காலடியில் தரையிலேயே ஒரு கண்ணாடி ஜன்னல், அதன் வழியாக இலக்கைப் பார்ப்பார். இலக்கு ஜன்னலுக்குள் வந்ததும் எஞ்சினைத் தணித்து, இறக்கைக்கு அடியில் இருக்கும் பாய்ச்சல் தடுப்புப் பட்டைகளை இறக்கி, விமானத்தைக் குப்புறப் புரட்டுவார், மூக்கு தானாகக் கீழே திரும்பும். பக்கவாட்டுக் கண்ணாடியில் கோணங்களைக் குறிக்கும் கோடுகள் வரைந்திருக்கும். அடிவானத்தோடு அந்தக் கோட்டைப் பொருத்தினால் 60 டிகிரியா, 75ஆ, நேர் 90ஆ என்று தெரிந்துவிடும். தடுப்புப் பட்டைகள் இருப்பதால் வேகம் கைமீறாது, 500 முதல் 600 கிலோமீட்டருக்குள் நிற்கும். கிட்டத்தட்ட 450 மீட்டர் உயரத்தில் உயரமானியின் விளக்கு எரியும், விமானி பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்துவார். வயிற்றில் தொங்கும் 250 அல்லது 500 கிலோ குண்டை ஒரு கவை வெளியே தள்ளிவிடும், இல்லாவிட்டால் நேரே இறங்கும் விமானத்தின் முன்விசிறியிலேயே குண்டு மாட்டிக்கொள்ளும். அந்த நொடியே விமானம் தானாக மூக்கைத் தூக்கும். தானாகத் தூக்க வைத்ததற்குக் காரணம் உண்டு: அந்த வளைவில் ஆறு மடங்கு வரை புவியீர்ப்பு அழுத்தும், ரத்தம் தலையிலிருந்து இறங்கி விமானிக்குக் கண் இருட்டிவிடும். பிரிட்டிஷ் கடற்படையின் சோதனை விமானி எரிக் பிரவுன் கைப்பற்றிய ஒரு ஸ்டூகாவை ஓட்டிப் பார்த்துவிட்டு, நேர் செங்குத்தாக இறங்குவது இயல்பாக இருப்பது இந்த விமானத்தில் மட்டும்தான் என்ற ரீதியில் எழுதியிருக்கிறார். எதிரி கொடுத்த சான்றிதழ் அது.

மேலே புரண்டதிலிருந்து குண்டு விடும்வரை கிட்டத்தட்ட அரை நிமிடம். கீழே இருப்பவருக்கு அது நீண்ட நேரம். விமானம் கண்ணுக்குத் தெரிகிறது, தன் தலைக்கு நேரே வருவதுபோல் இருக்கிறது, செய்வதற்கு ஒன்றும் இல்லை. சைரன் இல்லாமலேயே இது பயங்கரம்தான். எஞ்சினின் இரைச்சலும் தடுப்புப் பட்டைகளில் காற்று கிழியும் சத்தமும் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

சேர்த்தது ரொம்ப எளிமையான பொருள். மடங்காத சக்கரக் கால்களின் முன்பக்கத்தில், சுமார் 70 சென்டிமீட்டர் விட்டமுள்ள சின்ன விசிறி. பனையோலைக் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு ஓடும் பிள்ளைக்குக் காற்றாடி சுற்றுவதுபோல, விமானம் பாயும் வேகத்திலேயே அது சுற்றி ஊளையிடும். ஜெர்மன்காரர்கள் இதற்கு எரிகோ எக்காளம் என்று பெயர் வைத்தார்கள், எக்காளம் ஊதியே மதில் விழுந்த பைபிள் கதையை மனதில் வைத்து. யோசனை எர்ன்ஸ்ட் ஊடெட் என்பவருடையது என்று பொதுவாகச் சொல்வார்கள். அவரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

அந்த ஊளை ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்று சிலர் கேட்பதுண்டு. இரண்டு காரணம். விமானம் வேகமெடுக்க எடுக்க விசிறியும் வேகமாகச் சுற்றும், சுருதி ஏறும். இது விமானிக்கே கேட்கும். இன்னொன்று கீழே நிற்பவருக்கு மட்டும் கிடைப்பது, டாப்ளர் விளைவு: நம்மை நோக்கி வரும் பொருளின் சத்தம் சுருதி கூடிக் கேட்பது. மணிக்கு 540 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 150 மீட்டர் வேகத்தில் நேராக உங்களை நோக்கி வருகிறது என்று வையுங்கள், ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். 340லிருந்து 150 போனால் 190. 340ஐ 190ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 1.8, சுருதி அத்தனை மடங்கு உயர்ந்து கேட்கும். அதாவது விமானியின் காதில் ஸட்ஜமாக ஒலிப்பது கீழே இருப்பவர் காதில் கைசிகி நிஷாதமாக, மேல் ஸட்ஜத்துக்குச் சற்றுக் கீழே, விழும். ஆனால் ஒரு நுணுக்கம்: டாப்ளர் மட்டும் இருந்து வேகமும் மாறாமல் இருந்தால், நேராக வரும் பொருளின் சுருதி உயர்ந்த இடத்திலேயே நிற்கும், ஏறிக்கொண்டே போகாது. ஏறுவது வேகம் கூடுவதால்தான். விமானம் மூக்கைத் தூக்கி விலகும்போது சுருதி சட்டென்று இறங்கும். அந்த இறக்கம் கேட்கிறது என்றால் குண்டு ஏற்கெனவே கிளம்பிவிட்டது என்று அர்த்தம். பழகிய சிப்பாய்கள் தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

சரி, இந்த எண்ணம் ஊடெட்டுக்கு எங்கிருந்து வந்தது? முதல் உலகப்போரில் 62 விமானங்களை வீழ்த்தியவர். ஜெர்மன் தரப்பில் அவருக்கு மேலே இருந்தவர் 80 வீழ்த்திய மான்ஃப்ரெட் ஃபான் ரிக்ட்ஹோஃபன் மட்டும். போருக்குப் பின் வான்சாகசம், சினிமா, கொண்டாட்டம் என்று வாழ்ந்த ஆள். அமெரிக்காவில் கர்ட்டிஸ் ஹாக் விமானம் செங்குத்தாகப் பாய்வதைப் பார்த்து மயங்கி, ஜெர்மனிக்கு இரண்டை வாங்க வைத்தார். அதற்குள் யுங்கர்ஸ் நிறுவனத்தில் ஹெர்மன் போல்மன் யூ-87ஐ வடிவமைத்துக்கொண்டிருந்தார். 1935 செப்டம்பரில் அது முதல்முறை பறந்தபோது உள்ளே இருந்த எஞ்சின் பிரிட்டிஷ் ரோல்ஸ்ராய்ஸ் கெஸ்ட்ரல் என்பது ஒரு வேடிக்கை. அடுத்த ஜனவரியில் அந்த முதல் விமானம் சோதனைப் பாய்ச்சலில் வால் உடைந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள்.

ஜெர்மன் விமானத் துறை அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் இருந்த வோல்ஃப்ராம் ஃபான் ரிக்ட்ஹோஃபனுக்கு (மேலே சொன்ன மான்ஃப்ரெடின் உறவினர்) இந்தத் திட்டமே பிடிக்கவில்லை. இவ்வளவு மெதுவான விமானம் இவ்வளவு தாழ இறங்கினால் சுட்டுத் தள்ளிவிடுவார்கள் என்பது அவர் வாதம். 1936 ஜூன் 9 அன்று திட்டத்தை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். மறுநாள் அந்தத் துறைக்கு ஊடெட் வந்து உட்கார்ந்தார், திட்டம் பிழைத்தது. கொஞ்ச நாள் கழித்து, போட்டியில் இருந்த ஹைன்கல் நிறுவனத்தின் விமானத்தை ஊடெட் தானே ஓட்டிப் பார்க்கிறேன் என்று போய், விசிறிக் கோணம் பற்றிய அறிவுரையைக் காதில் வாங்காமல் பாய்ச்சி, விமானத்தை நொறுக்கி, தான் மட்டும் பாராசூட்டில் இறங்கினார். போட்டி முடிந்தது, யூ-87 வென்றது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், போர் வந்தபோது ஸ்டூகாக்களை அதிகம் வைத்திருந்த எட்டாவது வான்படைப் பிரிவுக்குத் தளபதியாகி, அவற்றைத் திறமையாகப் பயன்படுத்திப் பெயர் வாங்கியவர் அதே ரிக்ட்ஹோஃபன்தான். ஆனாலும் என்னைக் கேட்டால் 1936ல் அவர் சொன்னதே சரி. அது நிரூபணமாக நாலு வருடம் ஆனது, அவ்வளவுதான்.

போருக்கு இரண்டு வாரம் முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1939 ஆகஸ்ட் 15, நாய்ஹாமர் பயிற்சிக் களம். தளபதிகள் வேடிக்கை பார்க்க ஒரு ஸ்டூகா அணி மேகத்துக்குள் பாய்ந்து, மேகத்துக்குக் கீழே வெளிப்பட்டு, பயிற்சிக் குண்டு போட வேண்டும். மேகத்தின் அடி சுமார் 900 மீட்டரில் இருக்கும் என்று வானிலைத் தகவல். இடையில் மூடுபனி கிட்டத்தட்ட தரைவரை இறங்கிவிட்டது, யாரும் சொல்லவில்லை. அணித்தலைவர் வால்டர் ஸீகல் மரங்களுக்கு மேலே கடைசி நொடியில் தூக்கிக்கொண்டார், பின்னால் வந்தவர்களால் முடியவில்லை. 13 விமானங்கள், 26 பேர். செங்குத்துப் பாய்ச்சல் என்பது ஓட்டுபவனுக்கும் எவ்வளவு குறுகிய விளிம்பு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை.

செப்டம்பர் 1 காலை, போர் அதிகாரபூர்வமாகத் தொடங்கியதாகச் சொல்லப்படும் நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பே, புரூனோ டில்லி தலைமையில் மூன்று ஸ்டூகாக்கள் டிர்ஷாவ் என்ற இடத்தில் விஸ்டுலா ஆற்றுப் பாலத்துக்குப் போயின. பாலத்தை உடைக்க அல்ல. போலந்துக்காரர்கள் அதை வெடிவைத்துத் தகர்க்காமல் இருக்க வெடிமருந்துக் கம்பிகளை அறுக்க. குண்டுகள் சரியாகத்தான் விழுந்தன. போலந்துக்காரர்கள் கம்பியைச் சரிபார்த்துப் பாலத்தைத் தகர்த்தேவிட்டார்கள்.

இனி உங்கள் கேள்வியின் முக்கியமான பாதி. சத்தத்தால் ஏதாவது நடந்ததா? நடந்த இடம் என்று கையைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது பிரான்ஸின் செடான், 1940 மே 13. மியூஸ் ஆற்றின் ஒரு கரையில் ஜெர்மன் தளபதி குடேரியனின் டாங்க் படை, எதிர்க்கரையில் பிரெஞ்சுப் படை, அதில் பெரும்பாலும் வயதான ரிசர்வ் ஆட்களைக் கொண்ட 55ஆவது காலாட்படைப் பிரிவு. ஜெர்மன் மேலிடம் ஒரே ஒரு பெரிய தாக்குதலாக எல்லா விமானங்களையும் மொத்தமாக அனுப்பத்தான் நினைத்தது. குடேரியனும் வான்படைத் தளபதி லோர்ட்ஸரும் அதற்கு முன்பே வேறு மாதிரி பேசி வைத்திருந்தார்கள்: மொத்தமாக வேண்டாம், சிறுசிறு கூட்டமாக நாள் முழுக்க விடாமல். மேலிடத்தின் உத்தரவு தாமதமாக வந்தது, லோர்ட்ஸர் அதைக் கண்டுகொள்ளவில்லை. காலையிலிருந்து பிற்பகல் வரை அலை அலையாக வந்தார்கள். ஒன்று போனால் அடுத்தது வரும், வரிசையாக மேலே வட்டமிட்டு ஒவ்வொன்றாகச் சரியும்.

கான்கிரீட் காப்பரண்களில் பெரும்பாலானவை அன்று தப்பித்தன என்பதுதான் கவனிக்க வேண்டியது. செத்தவர்கள் எண்ணிக்கையும் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. உடைந்தது மனிதர்கள். பிரெஞ்சு இரண்டாவது படையின் துணைத் தலைமை அதிகாரியாக இருந்த ஜெனரல் ரூபி பின்னாளில் எழுதியதன் சாரம் இது: பீரங்கிக்காரர்கள் சுடுவதை நிறுத்திவிட்டுத் தரையில் படுத்தார்கள், காலாட்படையினர் பதுங்குகுழிக்குள் சுருண்டார்கள், குண்டின் வெடியும் பாயும் விமானத்தின் ஊளையும் அவர்களை அசைய விடவில்லை. பீரங்கி நின்றதுதான் பெரிய சேதம். ஜெர்மன் காலாட்கள் ரப்பர் படகில் ஆற்றைத் தாண்ட அது போதும். அன்று மாலை புல்சோன் கிராமத்தின் பக்கம் ஜெர்மன் டாங்குகள் வந்துவிட்டன என்ற வதந்தி கிளம்பி, பீரங்கிப் படைகள் கூட்டமாக ஓட்டமெடுத்தன. அந்த நேரத்தில் ஒரு ஜெர்மன் டாங்க்கூட ஆற்றைத் தாண்டியிருக்கவில்லை.

இதில் சைரனுக்கு எவ்வளவு பங்கு என்று தனியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. என் கணிப்பில், பாதிக்கும் கீழே. மணிக்கணக்கில் ஓயாமல் வந்ததும், அந்த ஆட்கள் அதற்கு முன் ஒரு வான்தாக்குதலையும் பார்த்திராததும், மேலே தங்கள் விமானம் ஒன்றாவது வந்து விரட்டுமா என்று நாள் முழுக்க அண்ணாந்து பார்த்து ஏமாந்ததும்தான் பெரிய பங்கு. சைரன் செய்தது இன்னொரு வேலை: குண்டு விழும் இடத்தைச் சுற்றி நூறு மீட்டரில் இருப்பவன் பயப்படுவது இயற்கை, சைரன் கேட்டால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருப்பவனும் தனக்குத்தான் என்று நினைப்பான். குண்டின் எல்லையைவிடப் பயத்தின் எல்லை பெரிதானது.

ஆனால் பயம் பழகிவிடும். இரண்டாவது மூன்றாவது தாக்குதலைப் பார்த்தவர்கள் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்: சைரன் கேட்டால் அரை நிமிடம் இருக்கிறது, குழிக்குள் போகலாம், விமானம் பாயும்போது பாதையை மாற்ற முடியாது, தூக்கும்போது மெதுவாகி ஒரே இடத்தில் தொங்கும், அப்போது சுடலாம். எச்சரிக்கை மணியைத் தானே அடித்துக்கொண்டு வரும் ஆயுதம் அது, கொஞ்சம் யோசித்தால் அபத்தம்.

பிரிட்டனுக்கு மேலே போனபோது முகமூடி கழன்றது. 1940 ஆகஸ்ட் 18 அன்று தென்கரையின் விமானத் தளங்களையும் போலிங் ரேடார் நிலையத்தையும் அடிக்க நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்டூகாக்கள் போயின. ரேடாரைச் சரியாகவே அடித்தார்கள், குறி என்றும் பிரச்சினையாக இருந்ததில்லை. ஆனால் பாய்ந்து முடித்து, வேகமெல்லாம் இழந்து, கடலை ஒட்டித் திரும்பும் விமானங்களுக்குப் பின்னால் ஸ்பிட்ஃபயர்களும் ஹரிகேன்களும் வந்து நின்றன. 16 விமானங்கள் திரும்பவில்லை. அதன் பிறகு பிரிட்டன் மேல் நடந்த சண்டையில் ஸ்டூகாவைப் பெரும்பாலும் ஒதுக்கி வைத்துவிட்டார்கள். துரத்தி வரும் ஸ்பிட்ஃபயர் விமானியின் காதில் எந்த ஊளையும் விழாது.

சைரனுக்கு விலையும் இருந்தது. அந்த விசிறிகள் காற்றை இழுத்துப் பிடித்ததால் மணிக்கு 20, 25 கிலோமீட்டர் வேகம் போனது. ஏற்கெனவே மெதுவான விமானத்துக்கு அது சாவுக்கும் பிழைப்புக்கும் உள்ள வித்தியாசம். பல அணிகள் காலப்போக்கில் அதைக் கழற்றிவிட்டன. அதற்குப் பதில் சில குண்டுகளின் வாலில் விசில் பொருத்தினார்கள், விழும்போது அது ஊதும், விமானத்துக்குச் சுமை இல்லை. சைரனோ விசிலோ, ஸ்டூகா அதன் பிறகும் எதிரி விமானம் குறைவாக இருந்த இடங்களில் கொடூரமாக வேலை செய்தது: 1941 ஜனவரியில் மால்டா அருகே இல்லஸ்ட்ரியஸ் விமானந்தாங்கிக் கப்பலை நொறுக்கியது, மே மாதம் கிரீட் கடலில் பிரிட்டிஷ் கப்பல்களை மூழ்கடித்தது, செப்டம்பரில் குரோன்ஸ்டாட்டில் சோவியத் போர்க்கப்பல் மராட்டை மூழ்க வைத்தது.

குறியும் சத்தமும் வேறு வேறு என்பதற்கு எதிர்த்தரப்பிலேயே ஆதாரம் இருக்கிறது. 1940 ஏப்ரல் 10 அன்று நார்வேயின் பெர்கன் துறைமுகத்தில் ஜெர்மனியின் கோனிக்ஸ்பெர்க் கப்பலை மூழ்கடித்தவை பிரிட்டிஷ் ஸ்குவா பாய்ச்சல் விமானங்கள். 1942 ஜூனில் மிட்வே சண்டையில் நாலு ஜப்பானிய விமானந்தாங்கிகளுக்கு முடிவு கட்டியவை அமெரிக்காவின் டான்ட்லெஸ் பாய்ச்சல் விமானங்கள். இரண்டிலும் சைரன் கிடையாது. மிட்வேயில் ஜப்பானியர்கள் அவை மேலே வந்ததையே கடைசி நேரத்தில்தான் பார்த்தார்கள். எந்த முறை புத்திசாலித்தனம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஊடெட்டின் பாய்ச்சல் மோகம் ஜெர்மனிக்கே வேறு வகையிலும் தீங்கு செய்தது. எல்லாக் குண்டுவீச்சு விமானமும் பாய வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. ஹைன்கல் 177 போன்ற பிரம்மாண்டமான கனரக விமானத்தையும் பாயச் சொன்னார்கள். அதன் நாலு எஞ்சினை இரண்டிரண்டாகச் சேர்த்து ஒவ்வொரு ஜோடியையும் ஒரே விசிறிக்குக் கட்டி, அவை தீப்பிடித்து, வருடக்கணக்கில் திட்டம் இழுத்தது. ஊடெட் 1941 நவம்பரில் தற்கொலை செய்துகொண்டார்.

கடைசியாக, சினிமாவைப் பற்றி. நாஜிச் செய்திப்படங்கள் இந்த ஊளையை விரும்பி விரும்பிக் காட்டின, அங்கிருந்து அது உலக சினிமாவுக்குள் புகுந்து, இன்று எந்த நாட்டு எந்த விமானம் கீழே விழுந்தாலும், எஞ்சின் தீப்பிடித்த பயணிகள் விமானமே ஆனாலும், அதே சத்தத்தைப் போட்டுவிடுகிறார்கள். குவெர்னிகாவையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 1937 ஏப்ரலில் அந்த ஸ்பானிய ஊரை எரித்தவை பெரும்பாலும் யூ-52, ஹைன்கல் 111 போன்ற சமதளமாகப் பறக்கும் விமானங்கள், ஸ்டூகா அல்ல.

ஐயாயிரத்துக்கும் மேல் தயாரித்ததில் முழுசாக மிஞ்சியிருப்பவை இரண்டு. ஒன்று லண்டன் ஹெண்டனில் உள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில், இன்னொன்று சிகாகோவின் அறிவியல் தொழில் அருங்காட்சியகத்தில், வட ஆப்பிரிக்காவில் கைப்பற்றியது. இரண்டும் பறக்கும் நிலையில் இல்லை, ஆகவே உண்மையான பாய்ச்சலின் சத்தத்தை இனி பழைய பதிவுகளில்தான் கேட்க முடியும்.